நாய்ப்பட்டையும் தம்பியின் அரைஞாணும்

அன்புள்ள இளவரசிக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, கையெழுத்து கோணலாக இருந்தாலும் மன்னித்துக்கொள், உன் குட்டித் தம்பி தூங்கிய பிறகுதான் என்னால் பேனா பிடிக்க முடிகிறது. பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று முழுசாக எழுதக் கை வரவில்லை, முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ எடுத்தால்தானே? வாட்ஸ்அப்பில் நான் மூச்சு வாங்கப் பேசி அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். கட்டைவிரல் போட முடியாதபடி சொல்ல வேண்டும் என்றுதான் தாளை எடுத்தேன், காலையில் ஸ்பீட் போஸ்டில் சேர்த்துவிடுவேன்.

விஷயம் கடுகைப் பற்றித்தான். ஏனாத்தூரில் படிக்கும்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து குட்டியாக அதைத் தூக்கி வந்தவள் நீ, வேலைக்கென்று கிளம்பிப் போனவளும் நீ, நாய் மட்டும் என் தலையில். மழைக்குப் பிறகு அதன் காதிலும் விரலிடுக்கிலும் கொத்துக்கொத்தாக உண்ணி, தம்பி படுக்கிற பாயில் ஒன்று ஊர்ந்ததைப் பார்த்துவிட்டு உன்னிடம் அழுதேனே, அப்போது நீ ஆன்லைனில் கழுத்தில் மாட்டுகிற அந்த உண்ணி மருந்துப் பட்டையை வாங்கி அனுப்பினாய். மாட்டிய சில நாளில் உண்ணியெல்லாம் உதிர்ந்துவிட்டது, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். எல்லம்மாள் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இன்னா மஞ்சுளா நாய்க்கு நெக்லஸ் போட்டுக்கீறே, அப்டியே ஊட்டுக்காரர்கிட்ட சொல்லி உனுக்கும் ஒண்ணு வாங்கிக்கோ என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பட்டையை மாட்டியது உன் அப்பா, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கழுத்தளவுக்கு மேல் மீந்த நுனியை வெட்டி எறிந்துவிட வேண்டுமாம். எறிய மனசு வருமா அவருக்கு? சணல் கயிற்றின் மிச்சத்தைக்கூடச் சுருட்டிப் பரணில் வைக்கிற மனிதர்.

காலையில் தம்பியைக் குளிப்பாட்டி உடுத்துவது அவர் வேலை என்பது உனக்குத் தெரியும், நான் எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். போன வாரம் எனக்கு லீவு, நானே குளிப்பாட்டலாம் என்று சட்டையைக் கழற்றினால் அரைஞாண் கயிற்றில் தாயத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்குகிறது. தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கடுகு கழுத்தில் இருக்கிற அதே பட்டையின் துண்டு, அழகாக ஓட்டை போட்டுக் கோத்திருக்கிறார். தறி வீட்டில் பிறந்தவர் போட்ட முடிச்சாயிற்றே, அவிழ்க்க வரவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். கீழே தோல் சிவந்து தடித்திருந்தது. இந்தப் பிள்ளையோ, கடுகுக்கும் எனுக்கும் ஒண்ணு, குடு குடு என்று காலை உதைத்து அழுகிறான். உன் அப்பா ஓடி வந்து, கொசு கடிக்காம இருக்கட்டும்னு நான்தான் கட்டினேன், உண்ணியே சாவுது கொசு சாவாதா, இத்தினி நாள்ல புள்ளைய ஒரு கொசு கடிச்சிதா சொல்லு என்கிறார். அது விஷமய்யா என்று நான் கத்தினேன். அதற்கு அவர், நீ வத்திக்குச்சிக்கும் பயப்படுவே, இளவரசிகிட்ட கேட்டுட்டுத்தான் கட்டினேன், கொயந்த கிட்ட இது இருந்தா ஒண்ணும் ஆவாதாம்மான்னு கேட்டேன், சேஃப்புதான்பா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச்சி, போதுமா என்றார்.

சோப்புப் போட்டுக் கழுவி, காஞ்சிபுரத்துக்குக் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டியவர் பக்கத்திலேயே நிற்கிறார், திட்டு முழுக்க எனக்கு, படிச்ச அம்மா நீங்க கவனிக்க மாட்டீங்களா என்று. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் தெரியும். வாயில் வைத்தானா என்று டாக்டர் கேட்டார், தெரியாது என்றேன். கயிற்றின் நுனியை இழுத்துச் சப்புகிற பழக்கம் இவனுக்கு உண்டே. தோல் அலர்ஜிதான், களிம்பு போடுங்கள், வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் போல எது தெரிந்தாலும் உடனே வாருங்கள் என்றார். இதுவரை ஒன்றும் இல்லை, தடிப்பும் அடங்கிவிட்டது, நீ பதறாதே. ஆனால் பிள்ளை அசந்து தூங்கினால் நன்றாகத் தூங்குகிறான் என்று சந்தோஷப்பட என்னால் முடியவில்லை, தட்டித் தட்டி எழுப்பிப் பார்க்கிறேன், அவன் எரிச்சலில் என்னை அடிக்கிறான்.

கால்நடை டாக்டர் பெஞ்சமினையும் பார்த்தேன். மருந்து பட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து நாயின் தோலில் பரவுமாம், அது நாயின் எடைக்கும் உடம்புக்கும் கணக்குப் பார்த்துச் செய்தது, மனிதர் கட்டிக்கொள்ள இல்லை. குழந்தை அந்தப் பட்டையைப் பிடித்து விளையாடக் கூடாது, நாயைக் கட்டிக்கொண்டு தூங்கக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும். இத்தனையும் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே எறும்பு எழுத்தில் இங்கிலீஷில் இருக்கிறது, வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தேன். உன் அப்பாவால் அதைப் படிக்க முடியாது. நானும் உண்ணி உதிர்ந்த சந்தோஷத்தில் பிரித்துப் பார்க்கவில்லை. வாங்கி அனுப்பிய நீ படித்தாயா?

இப்போது அவர் நேர் எதிராகத் திரும்பிவிட்டார். டாக்டரிடமிருந்து வந்த அன்றைக்கே கடுகின் பட்டையையும் அறுத்து எடுத்தார், மறுநாள் வெங்கடேசன் தீவனக் கடையிலிருந்து மாட்டு உண்ணி மருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார், உள்ளங்கையில் ஊற்றி உத்தேசமாக நாய்க்குத் தடவுவாராம், மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து வீடு முழுக்கத் தெளிப்பாராம். மாட்டுக்கே அடிக்கிறான், தரைக்கு அடிச்சா இன்னா என்று கேட்கிறார். தம்பி உருண்டு புரளுகிற தரை! பாட்டிலைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறேன். பெஞ்சமின் ஒரு மாத்திரை சொல்கிறார், நாயை எடை பார்த்து வாயில் கொடுப்பது, தோலின் மேல் ஒன்றும் இருக்காது, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதுதான் தோது என்கிறார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தும் வேணாம் நாயும் வேணாம், அமாவாசை கழிச்சி திருப்புலிவனத்துல ஜெகதீசன் செங்கல் சூளையாண்ட உட்டுட்டு வந்துடறேன், பேஜார் உட்டுச்சி என்று நிற்கிறார். கோபம் மாதிரி பேசுகிறார், ஆனால் தம்பியின் இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கடுகுக்குக் காதில் மறுபடி உண்ணி ஏறிவிட்டது. நான் எது சொன்னாலும் ஒரே பதில், இளவரசி சொல்லட்டும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த பெண்டாட்டி பேச்சு எடுபடாது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மகள் பேச்சுத்தான் சட்டம்.

அதனால் நீ பேசு. அதற்கு முன்னால் பெஞ்சமினிடம் கேள், நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கேட்டுவிட்டு அப்பாவிடம் மாத்திரை பற்றிச் சொல், மாட்டு மருந்து நாய்க்கும் கூடாது தரைக்கும் கூடாது என்று சொல், பிறகு அந்தப் பட்டை விஷயத்தில் சரியாகத் தெரியாமலே சொல்லிவிட்டேன் அப்பா என்றும் சொல். அவர் தனியாகக் குற்றவாளியாக நிற்கிறார், அதனால்தான் நாயின் மேல் பாய்கிறார். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆபீஸ் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாய், அது இங்கே பிள்ளையின் இடுப்பில் வந்து ஏறிவிட்டது. இனி இவர் எதைக் கேட்டாலும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லம்மா.

சுந்தரவரதப் பெருமாள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நினைத்தது நடக்கட்டும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் தனியாக ஆட்டோ ஏறாதே, இரண்டு பேராக வா. அமாவாசைக்கு அதிக நாள் இல்லை, சீக்கிரம் பதில் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா மஞ்சுளா,
உத்திரமேரூர்.