மறையூர் தாண்டி ஒரு சாப்பாடு

செப்டம்பர் 5, வெள்ளி

திருவோணம். எதிர்வீட்டிலிருந்து ஒரு தூக்கில் பாயசம் வந்தது. வீட்டுக்காரர் கண்ணில் படாமல் எடுத்துப் போய், மோட்டார் ரூமில் நின்று நாலு மடக்கில் குடித்தேன். இனித்ததா? தெரியவில்லை.

நாக்கில் புற்று என்று அவருக்கு ஆபரேஷன் செய்து முப்பத்திரண்டு நாள் ஆகிறது. மூக்கில் ட்யூப். இரண்டு மணி நேரத்துக்கொருதரம் வடிகட்டிய கஞ்சியை நான்தான் சிரிஞ்சில் ஏற்றுகிறேன். அன்றிலிருந்து அவர் முன்னால் ஒரு வாய் சோறு நான் தின்றதில்லை. வாசம் போய் அவரை இம்சிக்க வேண்டாமே என்று கடுகு தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். நல்லதுதானே செய்கிறேன்?

செப்டம்பர் 6

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து போன். பதினைந்தாம் தேதிக்குள் ரேடியேஷன் தொடங்கியாக வேண்டுமாம். தள்ளிப்போட்டால் புற்று திரும்ப வந்துவிடும் என்றார்கள். அவரிடம் சொன்னேன். பேச்சு வராததால் செல்போனில் எழுதித்தான் காட்டுவார். "வேண்டாம். விட்டுரு" என்று எழுதிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. துணி மடித்தேன்.

செப்டம்பர் 8

"நாளைக்கு மறையூர் போலாம். நீ ஓட்டு" என்று எழுதிக் காட்டினார். எதற்கு என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் வாயில் வருகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடியலில் கொழிஞ்சாம்பாறையை விட்டுக் கிளம்பினோம். உடுமலையில் ஒருமுறை, சின்னாறு செக்போஸ்ட்டில் ஒருமுறை, காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கஞ்சி கொடுத்தேன்.

மறையூர் தாண்டி ஒரு வளைவில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். தேங்காய் லோடு கொண்டுபோன காலத்தில் அவர் சாப்பிட்ட கடை. பழைய பஸ் ஒன்றின் சீட்டுகள்தான் நாற்காலிகள். தட்டுகள் எல்லாம் யார் யார் கல்யாணத்துக்கோ வந்த சீர். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருந்தது. எனக்கு வந்த தட்டில் "மாமன் சீர், 1991". மெனு கிடையாது. அன்றைக்குக் கடைக்காரம்மா பிரதீபாவுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான். இன்றைக்குக் குழைந்த சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கப்பைக்கிழங்கு.

முகக்கவசம் போட்டிருந்த அவர் முன்னாலும் ஒரு தட்டு வந்தது. அவருக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

"நம்ம கடையில உக்காந்தா தட்டு உண்டுக்கா. திங்கிறதும் திங்காததும் அவுக பாடு" என்று சொல்லி அந்தம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவருக்கு எதற்கு இந்தத் தண்டனை, எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். அவர் முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ட்யூபைப் பார்த்துப் பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. குழம்பை ஊற்றி, சாவகாசமாகப் பிசைந்தார். கருவாட்டில் முள் பார்த்தார். ஒரு உருண்டை பிடித்து என் பக்கம் நீட்டினார்.

"ஏனுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். கை அப்படியே இருந்தது.

வாங்கிக்கொண்டேன். நல்ல காரம். உப்பு ஒரு கல் கூடுதல். நான் விழுங்கும்போது அவர் தொண்டையும் அசைந்தது. தட்டு காலியாகும்வரை ஊட்டினார். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

காரில் உட்கார்ந்ததும் எழுதினார்: "நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்கறது தெரியும். வூடே எழவு வூடு மாதிரி கெடக்குது. நீயும் இப்படிப் பட்டினி கெடந்தா நா எதுக்குப் பொழைக்கோணும்?"

அய்யோ, இதுக்குத்தான் வேண்டாம்னாரா? நான் பண்ணினதுதானா எல்லாம்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போனை வாங்கி இன்னொரு வரி எழுதினார்: "ஆஸ்பத்திரிக்குப் போன் போடு."

செப்டம்பர் 11

ரேடியேஷனின்போது அசையாமல் படுப்பதற்காக அவர் முகத்துக்கு அச்சு எடுத்தார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் நாள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினார். கனமான அந்தக் கதவு மூடியது. பயம். பிழைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று அப்படியொரு பயம். இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. இன்னும் இருபத்தொன்பது நாள் வர வேண்டும்.