நாவலில் வரும் ஜவுளிக்காரர்

அன்பு மகளுக்கு,

நீ விட்டுப்போன அரபு நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளைக் கல்லாவில் உட்கார்ந்து படிக்கிறேன். முதல் நாவலில் வர்ணனை அதிகம், சரக்கு குறைவு. இரண்டாவது என்னை உட்கார விடவில்லை. உன் புகுந்த வீட்டைப் போலத் தொழுகை, நோன்பு என்றிருக்கும் குடும்பம். அதட்டலும் கேலியும் மட்டும் அப்படியே நம் வீடு.

அதில் ஒரு ஜவுளி வியாபாரி. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளின் தெருமுனை வரைக்கும் போய்ப் போய்த் திரும்புகிறான். எனக்குப் பொறுக்கவில்லை. "கதவைத் தட்டித் தொலையேன்டா!" என்று கத்திவிட்டேன்.

சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா திரும்பினாள். "கதைல வர்றவருக்கு நல்லாத்தான் புத்தி சொல்றீங்க. நம்ம பொண்ணு வீட்டுக் கதவை யாரு தட்டுறதாம்?"

அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை. கடைசி அத்தியாயம் பாக்கி. அங்கே வந்து படித்துக்கொள்கிறேன். ஞாயிறு கடை திறக்கமாட்டேன். நான் தட்டும்போது நீ ஓடி வராதே, மாப்பிள்ளை வந்து திறக்கட்டும்.

உன் அப்பா