ஒளிந்துகொள்ளத் தெரிந்தவர்

என் அன்புக்குரியவளுக்கு,

மகளும் பேரனும் நலம் என்று நேற்றுத்தான் சொன்னாய். நானும் நலம். பின்பக்கக் குழாய் ஒழுகியதைச் சரி செய்துவிட்டேன். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வருகிறது. அதனால்தான்.

எங்கள் கிடங்கை மூடிவிட்டார்கள். நீ பிரசவத்துக்குத் துணையாகப் போன அடுத்த வாரமே. அந்த நேரத்தில் உன் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று மறைத்ததாக எழுதத்தான் நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. மாடியில் இருக்கும் உன் அண்ணன் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. அதனால் தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக, வழக்கமான நேரத்துக்கே கிளம்பினேன். போனது ஏரிக்கரைப் பூங்காவுக்கு.

அங்கே ஒரு அம்மா நாய்களை மோப்பப் போட்டிக்குப் பழக்குகிறார். ஒருநாள் என்னிடம் வந்து, "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, கொஞ்சம் தொலைஞ்சு போக முடியுமா?" என்று கேட்டார். என் காலுறை ஒன்றை அவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, புல்வெளியில் வளைந்து வளைந்து நடந்து, எங்காவது மறைந்து உட்கார வேண்டும். நாய் காலுறையை மோந்துவிட்டு, நான் நடந்த வழியே தேடி வரும். நாய்க்குச் சொந்தக்காரர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். ஒளிந்திருப்பது யார், எங்கே என்பது அவருக்குத் தெரியாது. நாயை நம்பித்தான் வர வேண்டும். கண்டுபிடித்ததும் நான் அதைத் தட்டிக்கொடுத்துப் பாராட்ட வேண்டும்.

அதன்பின் தினமும் தொலைந்தேன். பேரன் பிறந்ததற்கு ஆபீஸில் இனிப்பு கொடுத்தீங்களா என்று கேட்டாயே, அந்த நாய்க்காரர்களுக்குத்தான் கொடுத்தேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று நான் சொன்னது மட்டும் நிஜம்.

உன் அண்ணன் தன் நாய் குண்டுவையும் அங்கே சேர்த்திருப்பது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். தினமும் மாடிப்படியில் என்னைப் பார்க்கிற நாய் அல்லவா, எங்கேயும் தயங்காமல் நேரே வந்து என் மடியில் ஏறி முகத்தை நக்கியது. கயிற்றின் மறுமுனையில் உன் அண்ணன்.

"என்ன மாப்பிள்ளை, லீவா?" என்றார். ஆமாம் என்றேன். அப்போதும் பொய். அதற்குள் அந்த அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து, "இவர் தினமும் வர்றார் சார். இவரை மாதிரி ஒளிஞ்சுக்க யாராலயும் முடியாது" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார். உன் அண்ணன் என் டப்பாவைப் பார்த்தார். சட்டையின் மடிப்பைப் பார்த்தார். "நாயைப் பாராட்டுங்க மாப்பிள்ளை, காத்துக்கிட்டிருக்கு" என்று மட்டும் சொன்னார். குனிந்தபடி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். நிமிர முடியவில்லை.

வீட்டு வாசலில், "தங்கச்சிகிட்ட நான் சொல்லப் போறதில்லை, நீங்களே சொல்லிடுங்க" என்றார். மறுநாள் காலை நான் எங்கேயும் கிளம்பவில்லை. அவரே டீ போட்டு எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வேலை தேட ஆரம்பித்திருக்கிறேன். இந்த வயதில் யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. மகளிடம் எப்போது சொல்வது என்பதை நீயே பார்த்துக்கொள். பேரன் நோய்நொடியில்லாமல், யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியில்லாமல் வளரட்டும்.

நீ ஊர் திரும்பும் தேதியை எழுது. இத்தனை வருடமும் லீவு கிடைக்கவில்லை என்று உன்னைத் தனியாகவே பெட்டி தூக்கிக்கொண்டு வரவிட்டேன். இந்த முறை ஸ்டேஷனுக்கு வருகிறேன். வர வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்