இடுப்பில் ஏறாத பேத்தி

மார்ச் 4
தையற்கடையில் துணிக்கட்டைத் தூக்கும்போது முதுகில் சுள்ளென்றது. இத்தனை வருடம் மெஷினில் குனிந்த முதுகு; பிடிப்பாக இருக்கும். தைலம் தேய்த்துப் படுத்தேன். மகளிடம் சொல்லவில்லை. நிறைமாதக்காரியை ஏன் பயமுறுத்த?

மார்ச் 9
பிடிப்பு இல்லையாம். முதுகெலும்பில் விரிசல். "எலும்பு மெலிஞ்சுபோச்சும்மா. மாதவிடாய் நின்னப்பவே கவனிச்சிருக்கணும். இனி கனமா எதையும் தூக்காதீங்க" என்றார் டாக்டர்.
"பொறக்கப்போற பேரப்புள்ளைய?"
அவர் குனிந்து மாத்திரை எழுதினார்.

மார்ச் 20
ஆஸ்பத்திரியில் என் வயதுப் பெண்களுக்கு உணவு வகுப்பு. நடத்துகிறவருக்குப் பட்டப்பெயர் முட்டை டீச்சர். வாயைத் திறந்தால் முட்டை, பால், கீரை, காலை வெயில்.
"எல்லாருக்கும் பால் ஊத்தினப்புறம் உங்க டம்ளர்ல என்ன இருக்கும்?"
"ஆடை!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.
வகுப்பே சிரித்தது. நானும்தான். பேருந்தில் வரும்போது அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 2
பேத்தி பிறந்துவிட்டாள். கையை நீட்டினேன். மகள் சட்டென்று தன் மாமியாரைக் காட்டி, "நீ உட்காரும்மா. அத்தை தூக்கிக்குவாங்க" என்றாள்.
என் நல்லதுக்குத்தான். தெரியும். ஆனாலும்— உன்னைப் பெத்தவ நான் இருக்கேன்டி. அதென்ன துணிமூட்டையா? பூ மாதிரி இருந்துச்சு.

ஏப்ரல் 5
பேறுகாலம் நான் பார்ப்பதாக இருந்தது. மகள் மாமியாரோடு அவர்கள் ஊருக்குப் போய்விட்டாள். "மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார் அந்த அம்மா. நல்ல மனுஷி. கோபப்படக்கூட வழியில்லை.

ஏப்ரல் 6
பேத்திக்காகக் கட்டிவைத்த தொட்டிலைப் பிரிக்க மனம் வரவில்லை.

ஜூலை 15
வகுப்புக்குப் போவதை விட்டுவிட்டேன். யாருக்காக எலும்பை வளர்ப்பது? முட்டை டீச்சரே போன் செய்தார். "யாருக்காவது உழைக்கத்தான் உடம்பாம்மா? உங்களுக்கு வேணாமா?"
வெடுக்கென்று வைத்துவிட்டேன். சாயங்காலம் ஒரு முட்டை வேகவைத்து, உப்புப் போட மறந்து, நின்றபடியே தின்றேன்.

ஆகஸ்ட் 3
வகுப்புக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 1
மகள் குழந்தையோடு வந்திருக்கிறாள். பதினோரு மாதம். என்னைக் கண்டதும் வீறிட்டாள், புதுமுகம்தானே நான். முதுகை நோகவிடாமல் உட்காரக் கற்றிருப்பதால், தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். மதியம் பேத்தி சுவரைப் பிடித்தபடி வந்து இரண்டு கையையும் என்னிடம் தூக்கினாள்.
என் கை எழவில்லை. மகள் ஓடிவந்தாள். "இரு" என்றேன்.
குழந்தை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் புடவையைப் பற்றி, தொடையில் கால் வைத்து, தானாகவே மடியில் ஏறினாள். தூங்கியும் போனாள்.
"கால் மரத்துடும்மா, குடு" என்றாள் மகள்.
மரத்துத்தான் போயிற்று. கொடுக்கவில்லை.