பேஸ் கிட்டாரில் ஒட்டிய பொட்டுகள்

பம்பாய்
14.7.1991

அன்பு இசக்கிக்கு,

நான் சுகம். ராஜபாளையத்தில் நீயும் அத்தையும் சுகமா? மில்லில் ஷிப்ட் மாற்றினார்களா?

நாங்கள் வாசிக்கும் இந்த ஓட்டலில், ஆள் உயரத்துக்கு நிறுத்திவைத்து வாசிக்கிற பெரிய பேஸ் வாத்தியம்தான் வேண்டுமாம். என் பேஸ் கிட்டாரையே இரும்புக் காலில் நிமிர்த்தி, பெரிய பேஸில் இல்லாததால் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த கட்டைக் கம்பிகளையும் பிடுங்கிவிட்டேன். பிறகு எந்தச் சுரத்துக்கு எங்கே அழுத்துவது என்று விரலுக்கு இடம் தெரியவில்லை. என் கைக்கண்ணாடியில் நீ ஒட்டியிருந்த பொட்டுகளை எடுத்து அடையாளத்துக்கு ஒட்டினேன். நேற்று வியர்வையில் ஒன்று நழுவ, அதை நம்பித் தப்பாக வாசித்தேன். "ஏலே, எங்கலே போறே?" என்று டிரம்ஸ் அடிக்கும் தவசிமுத்து சிரித்தான். வேறொன்றுமில்லை.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் பொட்டு அனுப்பு. கடையில் புதிதாக வாங்காதே. நீ வைத்து எடுத்து, நம் கண்ணாடியில் ஒட்டியதில் நாலைந்து போதும். பசை இங்கே கிடைக்கும்.

உன்
ஐயாதுரை