கப்பலுக்குப் போட்ட தொக்கு

அக்கா,

சத்தியமாகச் சொல்கிறேன், இப்போது நான் எழுதப்போகும் கதையை இந்தத் தருமபுரி மாவட்டத்தில் ஒரு ஜீவன் நம்பாது. தீர்த்தமலை உச்சியில் ஏறி நின்று கற்பூரம் அடித்துச் சொன்னாலும், கீழே நிற்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பொரி வாங்கப் போய்விடுவார்கள். நம்பாதவர்கள் வரிசையில் முதல் ஆளாக நீதான் நிற்பாய். இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கதை நடுவில் "அடுப்புல பால் வெச்சிருக்கேன்டா" என்று எழுந்து போக இனி உனக்கு வழியில்லை.

காலையில் உன் தக்காளித் தொக்கு பாட்டிலைத் திறந்தேன். நல்லெண்ணெயும் பூண்டும் வறுத்து இடித்த வெந்தயமுமாக வாசனை கிளம்பியது. அது பாலக்கோடு வரைக்கும் போய், மார்க்கெட்டில் தூங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர்களை எல்லாம் எழுப்பி உட்கார வைத்துவிட்டது. முதல் விள்ளல் தோசை உள்ளே போனது. இரண்டாவது விள்ளலில்தான் ஞாபகம் வந்தது, இது தோசைக்குப் போட்ட தொக்கு இல்லையே என்று. தினமும் அந்த ஞாபகம் சரியாக இரண்டாவது விள்ளலில்தான் வருகிறது. முதல் விள்ளலிலேயே வந்துவிட்டால் சாப்பிட முடியாது பார்.

கப்பலுக்கென்று நீ போட்ட தொக்கு அது. சிங்கப்பூரிலிருந்து உன் மகள் மலர், "அம்மா, நீயும் மாமாவும் கெளம்பி வாங்க. சின்னக் கப்பல்ல இந்தோனேசியாத் தீவுங்களச் சுத்திட்டு வரலாம்" என்று சொன்ன அன்றே நீ தோட்டத்தில் இறங்கிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டாய். எந்தக் கப்பல், எந்த மாதம், ஒன்றும் முடிவாகவில்லை. தொக்கு மட்டும் தயார். "கப்பல்ல என்னத்தப் போடுவானோ, நாக்கு செத்துப் போயிடும்" என்றாய்.

பெரிய கப்பல் வேண்டாம், அது பஸ் ஸ்டாண்டு மாதிரி, ஒருவரை ஒருவர் தொலைத்துவிடுவோம் என்று மலரே தள்ளிவிட்டாள். சின்னக் கப்பலிலும் இத்தனை ரகம் இருக்கும் என்று நமக்கு யார் சொன்னது? மூன்று படங்களைப் போனில் அனுப்பிவிட்டு, தானும் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விளக்கினாள். நீ மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி உட்கார்ந்தாய்.

முதலாவது வெள்ளை வெளேரென்ற சொகுசுக் கப்பல். அறைக்கு அறை பால்கனி. பயணிகள் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை வேலையாட்கள். அதன் பெருமையை உனக்கு விளக்கும் திருப்பணியை நான் ஏற்றுக்கொண்டேன். குளிக்கும்போது முதுகு தேய்க்க ஒருத்தன், கொட்டாவி விட்டால் வாயை மூடிவிட ஒருத்தன், கனவு கண்டால் அதைத் துடைத்து மடித்து வைக்க ஒருத்தன் என்று அடுக்கினேன்.

"ஏன்டா, உனக்குக் கைகால் வெளங்கலியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்தைத் தள்ளினாய்.

இரண்டாவது கப்பலில் பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. குட்டையாக, குண்டாக, உரமூட்டை மாதிரி. அதன் வயிற்றுக்குள் ரப்பர் படகுகள் இருக்கும். தினமும் ஏதாவது தீவுக்கு எதிரில் நின்று, அந்தப் படகுகளில் ஆட்களை இறக்கிக் கரைக்குக் கொண்டு போவார்கள். மரம் மட்டை, பறவை, பூச்சி எல்லாம் படித்தவர் ஒருவர் கூடவே வந்து சொல்லித் தருவார்.

"இதுக்குப் பேரு எக்ஸ்பெடிஷன் கப்பல்மா" என்றாள் மலர்.

"எக்ஸிபிஷனா? அடியே, தருமபுரியில போடாத எக்ஸிபிஷனா? டெல்லி அப்பளம் திங்கறதுக்கு நடுக்கடலுக்குப் போவணுமா?"

நான் சும்மா இருப்பேனா? "ஆமாக்கா, மொட்டை மாடியில ராட்டினம் இருக்குது. மேல போனா ஆஸ்திரேலியா தெரியுமாம்" என்று எடுத்துக் கொடுத்தேன். மலர் எவ்வளவோ திருத்திப் பார்த்தாள். கடைசிவரை நம் வீட்டில் அது எக்ஸிபிஷன் கப்பல்தான்.

மூன்றாவது பாய்மரக் கப்பல். படம் என்னவோ காலண்டரில் மாட்டுகிற அழகு. காற்று நன்றாக வீசினால் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயிலேயே போகும், ஆசைப்பட்டவர்கள் கயிறு இழுக்கலாம் என்றாள். "காத்த நம்பிப் போறதா? மழைய நம்பி வெச்ச தக்காளியில பட்டதே போதும்" என்று அதை ஒரே பேச்சில் கரை ஒதுக்கிவிட்டாய்.

மீதி இரண்டில் எது என்று தீர்மானிக்க நீ கையாண்ட முறையைக் கப்பல் கட்டுகிறவன் கேட்டால் கடலில் குதித்துவிடுவான். "மலரு, தக்காளிக் கூடையில மேல்தட்டு எல்லாரும் நல்லாத்தான் அடுக்குவான். கூடையக் கவுத்துக் காட்டச் சொல்லு" என்றாய்.

"அம்மா, கப்பலக் கவுத்தா எல்லாரும் செத்துப் போயிடுவாங்கம்மா."

"அதில்லடி கூறுகெட்டவளே. ஆக்கிப் போடறவன் எங்க படுக்கறான், சமையக்கட்டு எப்பிடிக் கெடக்குது, அதக் கேளு."

அந்தப் பெண்ணும் இரண்டு கம்பெனிக்கும் எழுதிக் கேட்டாள். வெள்ளைக் கப்பல்காரர்கள் பதிலுக்கு இன்னும் நாலு பால்கனி படம் அனுப்பினார்கள். எக்ஸிபிஷன் கப்பல்காரர்கள் சமையல்காரரின் கட்டிலைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அதோடு அந்த மனிதர் ஏதோ ஒரு தீவில், வெறுங்காலோடு ஈர மணலில் நின்று சிரிக்கிற படமும் வந்தது. நீ அந்தக் காலையே வெகுநேரம் பார்த்தாய்.

"எறங்கி நாமளும் கால வெக்கலாமா?"

"தெனமும் எறக்குவாங்கம்மா."

"அப்ப இதுதான். அந்தத் தீவுக்காரங்க தக்காளி போடறாங்களா, என்ன மருந்து அடிக்கறாங்கன்னு பாக்கணும்."

தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒத்திகை பார்க்க, நாம் ஒகேனக்கல் போய்ப் பரிசல் ஏறினோமே, அந்த வீரகாவியத்தை நான் சொல்லாத கல்யாண வீடு இந்த மாவட்டத்தில் இல்லை. பரிசல்காரர் "அக்கா, நடுவுல ஒக்காருங்க. அண்ணே, நீங்க ஆடாம இருங்க" என்று சொல்லிவிட்டு, வேடிக்கைக்காகப் பரிசலைச் சுற்றிவிட்டார். முதல் சுற்றில் மேட்டூர் அணை தெரிந்தது. அடுத்த சுற்றில் சிங்கப்பூரில் மலர் துணி காயப்போடுவது தெரிந்தது. நீ அலறிய அலறலில் முதலைகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கர்நாடகத்துக்குக் குடிபெயர்ந்தன. நான் ஒரு கையால் உன்னையும் மறு கையால் காவிரியையும் பிடித்து நிறுத்தினேன். அருவி கொஞ்சநேரம் விழ மறந்து அந்தரத்தில் நின்றது.

இதை எத்தனை பேர் நடுவில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீ ஒரு தடவைகூட மறுத்ததில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய்.

பிறகு மணல் திட்டில் பரிசல் ஒதுங்கியது. நீ செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கால் விரல்களை ஈர மணலில் புதைத்துக்கொண்டு நின்றாய். ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "இதுல தர்பூசணி நல்லா வரும்டா" என்றாய். "அங்கயும் இப்பிடித்தான எறக்கி வுடுவாங்க?" என்று கேட்ட முகத்தைப் பார்த்து நான் ஏதோ கிண்டல் செய்தேன். என்ன கிண்டல் என்று ஞாபகம் இல்லை. உன் முகம் மட்டும்தான் நிற்கிறது.

கப்பலுக்கு நாள் குறிப்பதற்குள் நீ கிளம்பிவிட்டாய். நெஞ்சு என்னவோ பண்ணுது என்றாய், ஆஸ்பத்திரிக்குப் போனோம், திரும்பி வரும்போது நான் மட்டும் வந்தேன். அதை மிகைப்படுத்திச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். நான் தொக்கும் வாயுமாக இருக்கையில் மலர் கூப்பிட்டாள்.

"மாமா, அம்மாதான் இல்ல. நீங்களாவது வாங்க, நாம ரெண்டு பேரும் போவலாம். எந்தக் கப்பல்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, எடம் தீந்துடும்."

"வெள்ளைக் கப்பலே போடும்மா" என்றேன்.

"அம்மா எக்ஸிபிஷன் கப்பல்தான வேணும்னாங்க?"

அந்த வார்த்தையை அவள் திருத்தாமல் உன்னை மாதிரியே சொன்னாள். அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"கடைசில மனச மாத்திக்கிட்டா மலரு. எங்கிட்ட மட்டும் சொன்னா. தம்பி சொகுசாப் போவட்டும், வெள்ளைக் கப்பலே போட்டுடச் சொல்லுன்னா."

"அம்மாவா சொன்னாங்க? அப்பன்னா சரி மாமா" என்றாள்.

நம்பிவிட்டாள், அக்கா! இந்தக் கதையை யாரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே சொன்னேனே, அது இதுதான். பிறந்தது முதல் நான் விட்ட புளுகில் ஒன்றைக்கூட ஒருத்தரும் நம்பியது கிடையாது. நம்பமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை காலம் நாணயமாகப் புளுகி வந்தேன். இன்று ஒருத்தி நம்பினாள் என்றால், அது என் சாமர்த்தியம் இல்லை, உன் பேருக்கு இருக்கிற மரியாதை. நீ பேச முடியாத இடத்தில் இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டே, என் பொய்யை எடுத்து உன் வாயில் வைத்துவிட்டேன்.

மூன்றாவது விள்ளல் இறங்கவில்லை. தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டு, "இன்னாடா சொன்னே நீ?" என்று உன் குரலில் கேட்டது. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக் கிடக்கிறது. நீ கால் வைக்க ஆசைப்பட்ட தீவுகளை எல்லாம் நான் தோசையில் தடவித் தின்று தீர்த்திருக்கிறேன்.

கையைக் கழுவிக்கொண்டு மலரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"எக்ஸிபிஷன் கப்பலே போடு மலரு. அம்மா மனச மாத்திக்கல. அது நானாச் சொன்னது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "ஏன் மாமா இப்பிடிப் பண்ணீங்க? அம்மாவே புதுசா ஒண்ணு சொன்ன மாதிரி இருந்துச்சு எனக்கு. அதான் ஒடனே சரின்னேன்" என்றாள். அதற்குப் பதில் உரமூட்டையால் என் முதுகில் ரெண்டு போட்டிருக்கலாம்.

பிறகு அவளே கேட்டாள்: "நெசமா என்ன சொன்னாங்களோ, அத இன்னொருவாட்டி சொல்லுங்க மாமா."

"எறங்கி நாமளும் கால வெக்கலாமான்னு கேட்டா."

"ம்."

"என்ன மருந்து அடிக்கறாங்கன்னு பாக்கணும்னா."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "போட்டுடறேன் மாமா" என்று வைத்துவிட்டாள்.

பாட்டிலை இறுக்க மூடி, பிளாஸ்டிக் கவர் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஏணி இல்லாமல் எட்ட முடியாத பரணில் வைத்துவிட்டேன். கப்பல் ஏறும்வரை எனக்குத் தோசைக்குச் சர்க்கரைதான். மிச்சமிருக்கிற தொக்கு என் மடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும். முதல் தீவில் இறங்கி, உனக்கும் சேர்த்துக் கால் வைத்துவிட்டு, அவர்கள் தோட்டத்தைப் பார்த்து வருகிறேன். வந்து சொல்லும்போது அங்கே தக்காளி ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு இருக்கும். பொறுத்துக்கொள்.

வெள்ளைக் கப்பலுக்கு ஏன் அப்படி ஒற்றைக்காலில் நின்றேன் என்று உனக்கு மட்டும் தெரியும். பால்கனியிலேயே உட்கார்ந்து ஊர் திரும்பிவிடலாம், அந்த ரப்பர் படகில் இறங்க வேண்டியதில்லை.

முதலை குடிபெயர்ந்தது பொய். காவிரியை நிறுத்தியது பொய். பரிசல் சுற்றியபோது ஒரு ஆள் "அம்மா" என்று அலறி, பக்கத்தில் இருந்தவர் கையை மணல் திட்டு வரும்வரை விடாமல் பிடித்திருந்ததே, அந்தச் சின்ன இடம் மட்டும் உண்மை. அலறியது நான்தான். உன் கை ஆடவே இல்லை.