ஆத்தூர் வழியாக 118 கிலோமீட்டர்

மார்ச் 4, திங்கள்

நாமக்கல் மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைச் சேலத்து டாக்டர்களுக்குக் கொண்டுவரும் எங்கள் ஃபைபர் கேபிளின் வேகத்தைப் பத்து மடங்காக்கி மூன்று நாள். படங்கள் பாதியில் அறுந்து வருகின்றன. இன்று பக்கவாதத்தோடு வந்த ஒருவரின் படம் திறக்கவே இல்லையாம். ஆம்புலன்சில் சேலத்துக்கே அனுப்பினார்கள்.

மேலாளர் தனசேகர் சார், “ஃபைபர ஒட்டுன ஜாயிண்ட் சரியில்ல. ஒட்டுன சரவணமுத்துவ வேலைய விட்டு நிறுத்திட்டு ரிப்போர்ட் போடும்மா” என்றார்.

போட்டேன். எதையும் அளந்து பார்க்காமலே போட்டேன்.

மார்ச் 5

சரவணமுத்து சூரமங்கலம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பதினோரு வருடமாக எங்கள் ஃபைபர்களை ஒட்டுகிறவர்.

“ஏனுங்க மேடம், எந்த ஜாயிண்டுங்க? ஒன்னையாச்சும் காட்டுங்க, ஒத்துக்கறேன்.”

காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

மார்ச் 6

முழு வழியையும் அளந்தேன். ஒரு ஜாயிண்டில்கூடப் பழுதில்லை. சேலத்துக்கு வந்து சேரும் ஒளியும் போதுமான அளவு. பழைய வேகத்துக்கு இறக்கினால் பிழையே இல்லை, ஏற்றினால் கொட்டுகிறது. இப்போதைக்கு இறக்கியே வைத்திருக்கிறேன்.

ஒளி வருகிறது. பிறகு எது கெடுகிறது?

மார்ச் 7

தெரிந்துவிட்டது.

ஒரு ஒளித் துடிப்பு என்பது ஒரே நிறம் அல்ல, மிக நெருக்கமான பல நிறங்கள். கண்ணாடி இழைக்குள் அவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. போகப் போகச் சில முந்தும், சில பிந்தும், துடிப்பு அகன்றுவிடும். மெதுவாக அனுப்பினால் நடுவே இடைவெளி இருப்பதால் பாதகமில்லை. பத்து மடங்கு வேகத்தில் ஒன்றின் வால் அடுத்ததன் மேல் ஏறிவிடுகிறது. எது ஒன்று, எது பூஜ்யம் என்று கருவிக்குத் தெரியவில்லை.

எண்பது கிலோமீட்டர் வரை தாங்கும். வேகத்தைக் கூட்டப் போட்ட திட்டத் தாளில் 57 என்று இருக்கிறது. ஆனால் சாலை வேலைக்காக ஜனவரியில் கேபிளை ராசிபுரம், ஆத்தூர் வழியாகத் திருப்பிவிட்டோம். இப்போது 118.

திருப்பக் கையெழுத்துப் போட்டது நான். 57 என்று எழுதியதும் நான்.

மார்ச் 8

சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

மார்ச் 11

தனசேகர் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“அகன்ற துடிப்பச் சுருக்குற பெட்டி ஒன்னு மாட்டிட்டா தீந்துச்சு. அந்தாளு காண்ட்ராக்ட்தான, வேற எடம் பாத்துக்குவான். உம்பேர எதுக்கும்மா கெடுத்துக்கற?”

எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு நிமிடம் — இல்லை, ரொம்ப நேரம் — அது எனக்குப் பிடித்திருந்தது. ச்சே, என்ன மனுஷி நான்!

மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். ஜாயிண்டில் குறையில்லை, தூரக் கணக்கு என் தவறு என்று.

மார்ச் 20

ஆத்தூர் நிலையத்தில் பெட்டியை மாட்டினோம். ஒட்டியவர் சரவணமுத்து. வேலைக்குத் திரும்பி இரண்டு நாள். நான் ஜீப்பில் வரச் சொன்னதற்கு, “பஸ்ஸிலயே வந்துக்கறேனுங்க” என்றுவிட்டார்.

முழு வேகத்தில் நான்கு மணி நேரம். ஒரு பிழை இல்லை. இனிமேல் திட்டத் தாள் என் கையில் வராது, உத்தரவு வந்துவிட்டது.

“எம்மேல தப்பு, மன்னிச்சிருங்க” என்றேன். அவர் கருவியைத் துடைத்துப் பையில் வைத்தார். “செரிங்க” என்றார்.

பஸ் வந்தது. ‘வாரேனுங்க’ என்று சொல்லாமலே ஏறிப் போனார். நானும் அதை எதிர்பார்க்கவில்லை — இல்லை, எதிர்பார்த்தேன்.